இடது பக்கம் குறைகிறது

பிப்ரவரி 3, திங்கள்

இடது ஸ்பீக்கர் படுத்துவிட்டது. காலையில் கடைக்குக் கிளம்புமுன் வழக்கம்போல ஒரு இசைத்தட்டின் முதல் பக்கத்தைப் போட்டேன். கிடார் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ போர்வைக்குள் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். வலது பக்கம் மட்டும் ஜோராக வருகிறது. பல வருடம் உழைத்த ஸ்பீக்கர், அதைக் குறை சொல்லக் கூடாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தரணி தன் ஆல்பத்தோடு வரப்போகிற நேரம் பார்த்தா இப்படி?

வசந்தாமணியிடம் சொன்னேன். "நேத்து வரைக்கும் நல்லாத்தானுங்க பாடிட்டு இருந்துச்சு" என்றாள். இத்தனை காலம் என்னோடு குடித்தனம் நடத்தியும் ஸ்பீக்கர் பாடுகிறது என்றுதான் சொல்வாள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

ஸ்பீக்கர் மேல் பழி போட்டது தப்பு. இடதை வலதிலும் வலதை இடதிலும் மாற்றி வைத்துப் பார்த்தேன். அப்போதும் இடது பக்கம்தான் மந்தம். ஆகவே ஆம்ப்ளிஃபயர். கூடவே ஒரு மெல்லிய இரைச்சல், சுவர்க்கோழி கத்துவதுபோல. டிரான்ஸ்ஃபார்மர் போயிருக்க வேண்டும். ஆம்ப்ளிஃபயரை அணைத்த பிறகும் அந்த இரைச்சல் கொஞ்ச நேரம் இருந்தது. கரண்ட் முழுதாக இறங்க நேரம் எடுக்கிறது போலும்.

கடையில் கூட்டமில்லை. சிங்காநல்லூரில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவனுக்குப் பரீட்சை முடிந்த பிறகுதான் வியாபாரம்.

பிப்ரவரி 6, வியாழன்

ஆரோக்கியம் வந்து ஆம்ப்ளிஃபயரைப் பிரித்து, மீட்டர் வைத்துப் பார்த்தான். "ரெண்டு பக்கமும் ஒரே அளவுதானுங்க சார் வருது. ஒரு குறையும் இல்லீங்களே" என்றான்.

"மீட்டருக்கு என்னப்பா தெரியும்? காது வேணும்" என்றேன்.

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மூடித் திருகி வைத்துவிட்டுப் போனான். இந்தக் காலத்து மெக்கானிக்குகள் கேட்பதே இல்லை, பார்க்கிறார்கள்.

பிப்ரவரி 7, வெள்ளி

காரணம் கிடைத்தது. பொங்கலுக்கு வசந்தாமணி மாட்டிய புதுத் திரைச்சீலை! கனமான துணி, அதுவும் இடது சுவரில். ஓசையைக் குடித்துவிடுகிறது. கழற்றச் சொன்னேன். மறுபேச்சுப் பேசாமல் கழற்றினாள். கழற்றியும் பெரிய முன்னேற்றம் இல்லை. ஸ்டூல் மேல் நின்றபடி, "ஏனுங்க, காதுல அழுக்கு கிழுக்கு அடைச்சிருக்குமோ? ஒருக்கா டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துரலாமுங்களே" என்றாள்.

என் காதை! ஊரே என் காதை நம்பி இசைத்தட்டு வாங்குகிறது. சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 8, சனி

வசந்தாமணி கட்டிலில் இடம் மாறிப் படுத்துக்கொண்டாள். இத்தனை வருடமும் என் இடது பக்கம் படுத்தவள். ஜன்னல் காற்று ஒத்துக்கொள்ளவில்லையாம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று எழுத நிறைய இருக்கிறது.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி இந்த டைரியில் எப்போதாவது எழுதியிருக்கிறேனா தெரியவில்லை. மாலையில் ஆறேழு பேர் என் முன்னறைக்கு வருவார்கள். எல்லாருடைய கைபேசியும் ஒரு எவர்சில்வர் போசிக்குள் போய்விடும், மேலே தட்டு வைத்து மூடிவிடுவேன். ஒரு ஆல்பம், முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை. நடுவில் பேச்சு கிடையாது. ஆல்பத்திலிருந்து ஒரே ஒரு பாட்டை மட்டும் எடுத்துக் கேட்கிறவன், சாம்பாரில் முருங்கைக்காயை மட்டும் பொறுக்கித் தின்கிறவன். அவனுக்குச் சமைத்தவளின் கஷ்டம் தெரியாது.

அறையின் நடுவில் இருக்கிற நாற்காலி என்னுடையது. இரண்டு ஸ்பீக்கர்களும் சரிசமமாகச் சேருகிற இடம் அது ஒன்றுதான். மற்றவர்கள் ஓரங்களில், தரையில், வாசற்படியில். தட்டு முடிந்ததும் முதல் வார்த்தை என்னுடையது. நான் வாய் திறக்கும்வரை யாரும் திறப்பதில்லை. இது நான் போட்ட சட்டமல்ல. தானாக வந்தது. நான் தடுக்கவுமில்லை.

இன்று தரணி வந்தாள். 'மூன்றாம் ஷிஃப்ட்' குழுவின் தலைவி. நால்வருமே மில் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். கல்லூரிக் காலத்தில் என் கடைக்குக் கண்ணாடி மாற்ற வந்தவள், பின்னால் ஓடிக்கொண்டிருந்த தட்டைக் கேட்டுவிட்டு முடியும்வரை நின்றாள். அன்றிலிருந்து கூட்டத்துக்கு வருகிறாள். நான்கு வருடமாக ராத்திரி பகலாக உழைத்து ஒரு ஆல்பம் முடித்திருக்கிறார்கள். பெயர் 'பஞ்சுத் தூசி'. அதை இசைத்தட்டாகவே போடப்போகிறார்கள். தட்டு அடிக்கிற வெளிமாநிலத்து ஆலை ஒன்றில் முறை கிடைத்திருக்கிறது. அனுப்புவதற்கு முன்னால், "நீங்க ஒருக்கா கேட்டு, சரின்னு சொன்னாத்தானுங்ணா எனக்குத் தூக்கம் வரும்" என்று கொண்டுவந்திருந்தாள்.

கேட்டேன். இந்த ஊரிலிருந்து இப்படி ஒன்று வரும் என்று நான் நினைத்ததில்லை. தறிச் சத்தம் தாளமாக மாறுகிற இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வலது பக்கத்தில் சுடர்க்கொடி என்கிற பெண் இரண்டாம் குரலில் மெதுவாகப் பாடுகிறாள், பக்கத்து வீட்டிலிருந்து கேட்பதுபோல. ஆனால் இடது பக்கக் கிடார் சுத்தமாக எழும்பவில்லை.

முடிந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"இடது பக்கம் குறையுது அம்மிணி" என்றேன்.

தரணியின் முகம் சட்டென்று விழுந்தது. பேராசிரியர் சதாசிவம் தாடியைத் தடவிக்கொண்டு, "ஆமாங்ணா, நானும் நெனச்சேன். கொஞ்சம் டல்தான்" என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். கோளாறு திரைச்சீலையிலோ என்னிடமோ இல்லை, பதிவிலேயே இருக்கிறது என்று தெரிந்ததில் எனக்கு ஒரு நிம்மதி.

பிப்ரவரி 11, செவ்வாய்

தரணி போன். "மிக்ஸிங் பண்றவரு ஒத்துக்கவே மாட்டேங்கறாருங்ணா. ரெண்டு பக்கமும் சரியா இருக்குது, யாரு சொன்னதுங்கறாரு."

"யாரு சொன்னதுன்னு சொன்ன?"

"உங்க பேரச் சொன்னனுங்ணா. அப்புறம் ஒண்ணும் பேசல. ஏத்தித் தர்றேன்னுட்டாரு."

சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன். போனை வலது காதில் வைத்துத்தான் பேசுகிறேன். இடது பக்கம் வைத்தால் டவர் சரியாக எடுப்பதில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

திருத்தியதை அனுப்பினாள். கேட்டேன். இன்னும் கொஞ்சம் ஏற்றச் சொன்னேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மூன்றாவது திருத்தம். இப்போது கிடார் வந்துவிட்டது. மெல்லிசாகத்தான், ஆனால் வந்துவிட்டது. முடிந்ததும் நான் கைதட்டினேன், எல்லாரும் தட்டினார்கள். தரணி என் காலைத் தொட வந்தாள், தடுத்துவிட்டேன். தட்டு உறையின் பின்பக்கத்தில் என் பெயர் வருமாம். 'கேட்டுச் சொன்னவர்: கிருபாகரன் அண்ணன்.' ஐம்பத்து மூன்று வயதில் முதல்முறையாக ஒரு ஆல்பத்தில் என் பெயர்.

டீ கொண்டுவந்த வசந்தாமணி டம்ளர்களை வைத்துவிட்டு நின்றாள். "போன வாரம் இன்னொரு புள்ள பாடுச்சே, மெதுவா. அந்தப் புள்ளையக் காணமே?" என்றாள்.

சுடர்க்கொடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இருக்குது புள்ள, உனக்குத் தெரியாது. நீ போயி வடைய எடுத்துட்டு வா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். வசந்தாமணி சிரிக்கவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

காலையில் கடைக்கு ஒரு அம்மா வந்தார். தலைவலி, கண்ணாடி வேண்டுமாம். வழக்கம்போல அட்டையைக் கொடுத்து ஒரு கண்ணை மூடச் சொன்னேன். வலதை மூடினார். "ஒண்ணுமே தெரியலீங்களே" என்றார். பெரிய எழுத்துகூடத் தெரியவில்லை. "இத்தனை நாளாத் தெரியாமயே இருந்திருக்கேன் பாருங்க. ரெண்டும் தொறந்திருந்தா நல்லாத்தானுங்களே தெரிஞ்சுது" என்று அழ ஆரம்பித்துவிட்டார். இது எங்கள் தொழிலில் அடிக்கடி நடப்பது. நல்ல கண் கெட்ட கண்ணை மறைத்துவிடும். ஆறுதல் சொல்லி, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தேன்.

அவர் போன பிறகு மேஜைமேல் இருந்த ரேடியோவைப் போட்டேன். வலது காதை உள்ளங்கையால் அழுத்தி மூடினேன்.

ரேடியோ நின்றுவிட்டது. தெருவும் நின்றுவிட்டது. சுவர்க்கோழி மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

கையை எடுத்தேன். மூடினேன். எடுத்தேன். மூடினேன்.

மதியமே கடையைச் சாத்திவிட்டேன்.

சாயங்காலம் தரணி பேசினாள். நாளைக் காலையில் ஆலைக்கு அனுப்பிவிடுகிறாளாம். "சரிங்களாண்ணா?" என்றாள். சரி என்றேன்.

பிப்ரவரி 19, புதன்

வசந்தாமணிதான் அழைத்துப்போனாள். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து ஏதேதோ கேட்கவைத்தார்கள். டாக்டர் சின்ன வயசுக்காரி. நரம்பு செத்துவிட்டதாம், சிலருக்குக் காரணமே தெரியாமல் திடீரென்று இப்படி ஆகுமாம்.

"எப்பருந்து இப்படி?"

"ரெண்டு வாரத்துக்கு மேல இருக்குமுங்க" என்று வசந்தாமணி சொன்னாள். நான் சொல்லவில்லை. அவளுக்கு நாள் தெரிந்திருக்கிறது.

"முதல் ரெண்டு மூணு நாள்லயே வந்திருந்தா நல்ல வாய்ப்பு இருந்துச்சு. ஏன் சார் வரல?"

என்ன சொல்வேன்? ஸ்பீக்கரை மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றா? திரைச்சீலையைக் கழற்றிக்கொண்டிருந்தேன் என்றா? மாத்திரையும் ஊசியும் கொடுத்துப் பார்க்கலாம், ஆனால் பெரிதாக நம்ப வேண்டாம் என்றார்.

வெளியே வந்ததும் தரணியின் செய்தி. 'அனுப்பியாச்சுங்ணா!' பக்கத்தில் கை கூப்பிய படம்.

பிப்ரவரி 20, வியாழன்

உலகம் முழுதும் என் வலது பக்கத்துக்குக் குடிபோய்விட்டது. பஸ், சைக்கிள் மணி, குக்கர் விசில், என்னைக் கூப்பிடுகிற குரல், எல்லாம் அங்கிருந்தே வருகிறது. யார் கூப்பிட்டாலும் வலது பக்கம் திரும்புகிறேன், அங்கே யாரும் இல்லை. திருச்சி ரோட்டைக் கடக்கும்போது ஹாரன் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் நடுவிலேயே நின்றுவிட்டேன். ஒருவன் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டுப் போனான். அதுவும் வலது பக்கமிருந்துதான்.

'நார்த் பியர்' குழுவின் 'சால்ட் ரூம்' ஆல்பத்தைப் போட்டேன். நான் கல்லூரியில் படிக்கும்போது சேர்த்துவைத்து வாங்கிய முதல் வெளிநாட்டுத் தட்டு. இரண்டாம் பக்கத்தில் ஒருவன் வலமிருந்து இடமாக அறைக்குள் நடந்துபோய்க் கதவைத் திறப்பான். எத்தனை ஆயிரம் தடவை அவனோடு நடந்திருப்பேன். இன்று அவன் பாதி அறையில் காணாமல் போய்விட்டான். ஊசியைத் தூக்கி மறுபடி வைத்தேன். மறுபடியும் போய்விட்டான். அவன் வெளியே போய்விட்டான், நான்தான் உள்ளே மாட்டிக்கொண்டேன் என்று தோன்றியதும் தட்டை நிறுத்திவிட்டேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இன்னொரு காதும் போனால்?

பிப்ரவரி 21, வெள்ளி

தரணிக்குச் செய்தி எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். அழித்தேன்.

ஒருவேளை நன்றாகவே இருக்கலாம். எல்லாரும் கைதட்டினார்களே. ஆறு பேருக்கும் சேர்ந்தா காது கெட்டுப்போயிருக்கும்? கிடார் தூக்கலாக இருப்பது ஒரு பாணி என்றுகூட நினைப்பார்கள். யாருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால் மட்டும் என்ன? காது திரும்பி வந்துவிடுமா? ஞாயிற்றுக்கிழமை போய்விடும். பிறகு நான் யார்? சிங்காநல்லூரில் கண்ணாடி விற்கிற ஒரு அரைச் செவிடன்.

வசந்தாமணி என் வலது பக்கம் வந்து உட்கார்ந்து, "அந்தப் புள்ளைக்குச் சொல்லீட்டீங்களா?" என்றாள். தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டேன்.

பிப்ரவரி 22, சனி

ஊசி. வலி. வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

எல்லாரும் வந்தார்கள். போசி நிறைந்தது. ஏப்ரலில் வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் பேசியாகிவிட்டது என்று தரணி ஜிலேபி வாங்கி வந்திருந்தாள். என் பங்கை ஓரமாக வைத்தேன். சுடர்க்கொடி வரவில்லை. ஏன் என்று கேட்டேன். "என்னமோ மனசு சரியில்லைன்னாளுங்ணா" என்றாள் தரணி.

அப்போதுதான் சொல்லிவிட்டேன். எந்த ஜோடனையும் இல்லாமல். "எனக்கு இடது காது கேக்கல. மாசம் பொறந்ததுலருந்தே கேக்கல. பதிவுல குறையில்ல, எங்கிட்டத்தான் குறை. நான் சொன்னதெல்லாம் தப்பு."

சதாசிவம் மெதுவாகச் சிரித்தார். "அண்ணா, சும்மா இருங்ணா. இடது டல்லாத்தான் இருந்துச்சு. நானே கவனிச்சனே."

"நீங்க கவனிக்கல சதாசிவம். நான் சொன்னேன், நீங்க தலையாட்டுனீங்க."

"இல்லீங்ணா, உங்களுக்கு உடம்பு முடியாததால அப்படித் தோணுது. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் இன்னொருவர். அடப் பாவிகளா! என் தப்பை நானே ஒத்துக்கொள்ள வந்தால், அதையும் எடுபடாமல் செய்துவிட்டார்கள். வருடக்கணக்காக நான் பார்த்துப் பார்த்து வளர்த்த மரியாதை கதவை வெளியிலிருந்து தாழ் போட்டுவிட்டது.

நான் எழுந்தேன். "அம்மிணி, நீ வந்து இதுல உக்காரு" என்றேன்.

"ஐயோ, உங்க நாற்காலிங்ணா…"

"உக்காருன்னா உக்காரு."

உட்கார்ந்தாள். முதலில் கொண்டுவந்த பதிவைப் போட்டேன். பிறகு நான் திருத்தச் சொன்னதைப் போட்டேன். நான் சுவரோரம் நின்று அவள் முகத்தை மட்டும் பார்த்தேன். பாதிப் பாட்டிலேயே அவள் கையைத் தூக்கினாள்.

"சுடர் குரலே இல்லீங்ணா" என்றாள். "கிடார் கத்துது. இது அசிங்கமா இருக்குது."

அந்த அறையில் எனக்கு முன்னால் ஒருவர் பேசியது அதுதான் முதல்முறை.

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள். "எப்பங்ணா தெரியும் உங்களுக்கு?"

"செவ்வாக்கெழம."

"நான் சாயங்காலம் போன் பண்ணனே, அதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னால."

"நான் புதங்கெழம காத்தாலதானுங்ணா அனுப்புனேன்" என்றாள். போசியைத் திறந்து தன் போனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பிப்ரவரி 24, திங்கள்

கடை. வீடு. மாத்திரை.

பிப்ரவரி 27, வியாழன்

ஊசி இன்று கடைசி. டாக்டர் மறுபடி கூண்டில் உட்காரவைத்தார். காது கேட்கும் அளவைக் காட்டுகிற கோடு அதே இடத்தில் இருக்கிறது. "பழகிக்குவீங்க சார்" என்றார்.

பழகிக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் எனக்குப் பழகப் பிடிக்கவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

தரணியும் அவள் ஆட்களும் வரவில்லை. மற்றவர்கள் வந்தார்கள். சதாசிவம் வாசலிலேயே நிறுத்திச் சேதி சொன்னார். ஆலையில் தட்டு வெட்டுவதற்கு முன்பே தரணி நிறுத்திவிட்டாளாம். பழைய பதிவையே அனுப்புகிறாள். ஆனால் முறை போய்விட்டது, வரிசையில் கடைசிக்குப் போயாயிற்று. ஆடி மாதம் ஆகுமாம். மண்டபம் ரத்து.

பிழைத்தது. எனக்கு மூச்சு வந்தது. நான் தாமதமாகச் சொன்னதால் மட்டும் அது பிழைத்திருக்காது என்பதும் தெரிகிறது. ஆலைக்காரன் ஒரு வாரம் சோம்பேறியாக இருந்ததுதான் காரணம்.

ஒரு ஆல்பம் போட்டோம். நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவிட்டு நானும் தரையில் உட்கார்ந்தேன். தட்டு முடிந்தது. ஊசி உள்வட்டத்தில் உரசிக்கொண்டே இருந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவர்களைப் பார்த்தேன். ஒருவரும் பேசவில்லை. டீ ஆறிப்போகும்வரை அப்படியே இருந்தோம். சொந்தமாக ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் வரவில்லை. நான் அவர்களை எப்படிக் கெடுத்துவைத்திருக்கிறேன்!

மார்ச் 5, புதன்

மதியம் தரணி கடைக்கு வந்தாள்.

நான் ஒரு பிரேமுக்குள் லென்ஸைப் பொருத்திக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து, "வா அம்மிணி" என்றேன். ஸ்டூலை இழுத்து என் இடது பக்கம் உட்கார்ந்தாள். வலது பக்கம் கண்ணாடி அலமாரி, அங்கே இடமில்லை. பேச ஆரம்பித்தாள்.

தலைக்கு மேல் ஃபேன். வெளியே பஸ்கள். அவள் குரல் இருப்பது தெரிந்தது, சொல் தெரியவில்லை. எதிரே சுவரில் வாடிக்கையாளர்கள் முகம் பார்க்கும் கண்ணாடியில் அவள் வாய் அசைவது தெரிந்தது. கை நீட்டி நீட்டிப் பேசினாள். ஒரு இடத்தில் கண்ணைத் துடைத்தாள். ஒரு இடத்தில் சிரித்ததுபோலவும் இருந்தது. திட்டுகிறாளா, மன்னிக்கிறாளா, இல்லை, இனி வரமாட்டேன் என்று சொல்கிறாளா?

இந்த ஒரு மாதத்தில் நான் தலையாட்டுவதில் தேறிவிட்டேன். சும்மா ஆட்டியிருக்கலாம். எல்லாவற்றுக்கும் பொருந்துகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "நீ சொல்றது சரிதான் அம்மிணி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளும் போயிருப்பாள். ஆட்டுவதற்குத் தலை தானாகவே தயாராகிவிட்டது.

பிரேமைக் கீழே வைத்தேன். முழுதாக அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றேன்.

அவள் வாய் பாதியில் நின்றது. "ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே கேக்கல."

"இவ்ளோ நேரமாப் பேசிட்டு இருக்கறனே!"

"ஆமா. அந்தப் பக்கம் அடியோட போயிருச்சு. மறுக்காச் சொல்லு."

என்னையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள். போய்விட்டாள் என்றே நினைத்தேன். அவள் கண்ணாடி அலமாரியை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினாள். உள்ளே பிரேம்கள் எல்லாம் குலுங்கின. கிடைத்த இடுக்கில் ஸ்டூலைத் திணித்து, என் வலது பக்கம் உட்கார்ந்து, துப்பட்டாவால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"சரி. அப்ப மொதல்லருந்து வர்றேன்" என்றாள். "உங்களப் போயி நம்புனேன் பாருங்ணா, என்னச் சொல்லோணும்…"

ஒரு சொல் விடாமல் கேட்டேன்.